பழைய ரிவால்வரும் ‘கிளாசிக்’ என்னும் மயக்கமும்

அமெரிக்க ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய துப்பாக்கிகளின் விலைப்பட்டியல் ஒரு தனி உரைநடை வகை. இதை நாங்கள் கேலியாகச் சொல்லவில்லை. துப்பறியும் நாவல்களின் வழியாக இந்தப் பொருளுக்குள் வந்துசேர்ந்தவர்களுக்கு அந்த நடையில் ஒரு வசீகரம் இருக்கவே செய்கிறது. நீல மெருகு எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது, வாதுமை மரக் கைப்பிடியின் செதுக்குக் கோடுகள் எவ்வளவு கூர்மை குன்றாமல் இருக்கின்றன, தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி உண்டா, பெட்டிக்குள் மெழுகுத்தாள் உண்டா, பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிய எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒரு காவியத் தலைவியின் பாதாதிகேச வருணனைக்கு நிகராக அது விரிகிறது. ஆனால் இவ்வகைப் பட்டியல்களைத் தொடர்ச்சியாக வாசிக்கும் ஒருவருக்குச் சீக்கிரமே ஓர் ஐயம் எழும். ஆறு தோட்டாக்களை இட்டு ஆறு முறை சுட வேண்டிய ஓர் இயந்திரத்தைப் பற்றி இத்தனை வரிகள் எழுதியவர், அது ஒழுங்காகச் சுழல்கிறதா என்று ஒரு வரி எழுதாமல் விட்டது எப்படி?

தற்செயலாக விடுபட்டதல்ல அது என்பதே எங்கள் தரப்பு. ‘கிளாசிக்’ என்ற சொல் அந்தச் சந்தையில் என்ன வேலையைச் செய்கிறதோ அதன் விளைவு இது. ஒரு பொருளைக் கிளாசிக் என்று அழைத்த கணத்திலிருந்து அதைச் சோதிப்பது அநாகரிகம் ஆகிவிடுகிறது. தொன்மையும் அசல்தன்மையும் விலையாகின்றன. இயக்கமும் பாதுகாப்பும் வாங்குபவரின் சொந்தக் கவலையாகின்றன. இலக்கிய வாசகர்களுக்கு இந்த நோய் புதிதல்ல என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் பேசுவது அமெரிக்கச் சந்தையைப் பற்றி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுவதே பெரும்பாடு. பழைய ரிவால்வரைத் தேர்ந்து வாங்கும் கலாச்சாரம் இங்கே வளர வாய்ப்பில்லை, வளராததில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நம் வாசகர்கள் இந்தப் பொருளைக் கதைகளில் ஓயாமல் சந்திக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் எழுத்தாளர்களும் ரிவால்வருக்கு ‘சேஃப்டி கேட்ச்’ பொருத்துகிறார்கள், அதன் முனையில் சைலன்சரைத் திருகுகிறார்கள். கோனன் டாயிலே 1892இல் வெளிவந்த ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் வாட்சனின் துப்பாக்கியைத் தோட்டா தயாரிக்கும் நிறுவனமான ஈலியின் பெயரால் குறிப்பிட்டுவிட்டார் என்று ஹோம்ஸ் அன்பர்கள் ஒரு நூற்றாண்டாக வாதிட்டு வருகிறார்கள். கதையில் நேரும் பிழையால் யாரும் காயப்படுவதில்லை. விலைப்பட்டியலின் கதை வேறு.

அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தர அளவுகோல் ஒன்று அங்கே பரவலாகப் புழங்குகிறது. அதில் தற்காலத் துப்பாக்கிகளுக்கு ஒரு வரிசை, தொல்பொருள் துப்பாக்கிகளுக்கு இன்னொரு வரிசை. முன்னதில், ‘நன்று’ என்ற படியை எட்டவே பாதுகாப்பாக இயங்கும் நிலை நிபந்தனையாகிறது. பின்னதோ பெரும்பாலும் அசல் உறுப்புகளையும் எஞ்சிய மெருகின் விழுக்காட்டையும் கொண்டு அளக்கிறது. அருங்காட்சியகப் பொருளுக்கு அது பொருத்தமே. சிக்கல் என்னவென்றால், 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட, இன்றும் தோட்டா கிடைக்கிற, வாங்குபவர் அடுத்த சனிக்கிழமையே சுடப்போகிற ரிவால்வர்களுக்கும் விற்பவர்கள் இந்த இரண்டாவது வரிசையின் மொழியையே இரவல் வாங்கிக்கொண்டார்கள். ‘95 விழுக்காடு’ என்று எழுதுகிறார்கள். எதில் 95 என்று கேட்டால் மேல்பூச்சில்.

இந்த மயக்கத்தின் ஒரு சிறு உதாரணம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஏறத்தாழ 1982 வரை குழலைச் சட்டகத்தில் திருகியபின் குறுக்கே ஒரு சிறு ஊசியையும் அடித்து இறுக்கியது. மேக்னம் வகைகளின் அறைகளைத் தோட்டாவின் விளிம்பு உள்ளே அமிழும்படிக் குடைந்தும் வந்தது. செலவு கருதி இரண்டையும் கைவிட்டது. குழலைத் தாங்குவது மரைதான். ஊசி இல்லாமல் அதற்குப் பின் லட்சக்கணக்கான ரிவால்வர்கள் ஒழுங்காகவே சுட்டு வந்திருக்கின்றன. இருந்தும் அந்த ஊசியும் குடைவும் உள்ளவற்றுக்குக் கூடுதல் விலை. குடைந்த அறை பார்வைக்கு அழகு என்பதை ஒப்புக்கொள்கிறோம். சுத்தம் செய்யும்போது அந்தக் குடைவுக்குள் சேரும் கசடு வெடித்த தோட்டாவைப் போல அழகாக இருப்பதில்லை.

கோல்ட் பைத்தான் இதைவிடப் பெரிய உதாரணம். 1955இல் வந்தது, 2005இல் தயாரிப்பு நின்றது, 2020இல் உள்ளமைப்பு மாற்றப்பட்டு மீண்டும் வந்தது. இடையில் 2010இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் அது காட்சியளித்தது; பழைய பைத்தான்களின் விலையேற்றத்துக்கு அத்தொடரும் ஒரு காரணம். அதன் நீல மெருகு அற்புதமானது என்பதில் எங்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பழைய கோல்ட் உள்ளமைப்பு நுட்பமானது, தேயக்கூடியது, தேய்ந்தால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருவது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து அதை வாங்குகிறவர் கண்ணாடிபோன்ற மெருகில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். சுத்தியலை மெதுவாக ஒருமுறை பின்னிழுத்துப் பார்ப்பதில்லை.

ஏன் மெதுவாக? ரிவால்வரின் உள்ளே நடப்பதைச் சற்று விளக்கினால் தெளியும். விசையை அழுத்தினாலோ சுத்தியலைப் பின்னிழுத்தாலோ நகம்போன்ற ஓர் உறுப்பு மேலெழுந்து உருளையின் பின்புறப் பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. தொழிலில் அதற்குப் பெயரே ‘கை’. உருளை ஆறில் ஒரு பங்கு சுழல்கிறது. அடியிலிருந்து ஒரு தடுப்பான் எழுந்து உருளையின் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. அறையும் குழலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அதன் பிறகுதான் சுத்தியல் விழ வேண்டும். இந்த வரிசைக்குத்தான் டைமிங் என்று பெயர். கை தேய்ந்தாலோ பற்கள் மழுங்கினாலோ உருளை பூட்டப்படும் முன்பே சுத்தியல் விழும். அப்போது குண்டு குழலின் வாயில் நேராக நுழையாமல் விளிம்பில் மோதும். சீவப்பட்ட ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவரை அவை பெரும்பாலும் தீண்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் படும்.

வேகமாகச் சுழற்றும்போது உருளை தன் சொந்த உந்தத்திலேயே பூட்டுவரை போய்விடும், குறை மறைந்துவிடும். ஆகவே முதலில் ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் குழலைத் திருப்பிக்கொண்டு, உரியவரின் அனுமதியோடு, ஒரு விரலால் உருளையை லேசாக உரசித் தடுத்தபடி சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுக்க வேண்டும். சுத்தியல் கடைசி நிலையில் நிற்பதற்குள் தடுப்பான் விழும் ‘டிக்’ ஒலி கேட்க வேண்டும். ஆறு அறைகளுக்கும் ஆறு முறை. ஐந்து அறைகள் தேறி ஒன்று தேறாவிட்டாலும் அது தேறாத துப்பாக்கிதான். இதற்கு இரண்டு நிமிடம் போதும். எந்தக் கருவியும் வேண்டாம். உறைபோன்ற வெற்றுத் தோட்டாக்களை அறைகளில் இட்டுச் சோதித்தால் இன்னும் நல்லது. நட்சத்திர வடிவத் தள்ளுதகட்டில் உள்ள தளர்ச்சியை அவை எடுத்துவிடும் என்பதால் உண்மை நிலை தெரியும்.

அடுத்தது ஆட்டம். நம்மூர் மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்களே, அது. விசையை அழுத்திப் பிடித்த நிலையில் உருளை பக்கவாட்டில் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் மயிரிழை அசைவு இயல்பு; பழைய கோல்ட்டில் அதுவும் இருக்கலாகாது. பின் முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். குழலுக்கும் உருளைக்கும் நடுவிலான இடைவெளியை, மோட்டார்சைக்கிள் பட்டறையில் இருக்கும் அதே ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு வரை இருப்பது நலம். அதைவிட மிகக் குறைந்தால் சூடேறியதும் உருளை உராய்ந்து சிக்கும். மிகக் கூடினால் தீயும் வாயுவும் பக்கவாட்டில் வீணாகும். காலித் துப்பாக்கியில் சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல் பெருவிரலால் சுத்தியலை முன்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். விழுந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கையில் எங்காவது கருவளையம் தெரிந்தால், ஒரு குண்டு முன்பு உள்ளே சிக்கிக்கொண்டிருக்க அதன்மேல் இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாகத் திருகாணிகளின் தலைகளைப் பார்க்க வேண்டும். அவை சிதைந்திருந்தால் சமையலறைத் திருப்புளியோடு ஒருவர் உள்ளே போய் வந்திருக்கிறார். உள்ளே என்ன செய்தார் என்பதை அவர் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்.

மெருகு மறைக்கும் குறைக்கு மாடல் 19ஐக் காட்டுவோம். 1955இல் எல்லைக் காவல்படை அதிகாரி பில் ஜோர்டனின் யோசனையின்பேரில், .38 ஸ்பெஷலுக்கு உரிய நடுத்தரச் சட்டகத்தில் .357 மேக்னத்தை அடக்கி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த ரிவால்வர் அது. கைக்கு அடக்கமானது, நிறைவானது. எங்களுக்கு இவ்வரிசையில் மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் அந்தச் சிறிய சட்டகத்தில் உருளையின் தாங்கிக்கு இடம்விடக் குழலின் பின்வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. பயிற்சிக்கு மென்மையான .38, பணிக்கு மட்டும் .357 என்று பயன்படுத்திய காலத்தில் பிரச்சினை எழவில்லை. பின்னர் 125 கிரெய்ன் எடையுள்ள, வேகமிகுந்த மேக்னம் தோட்டாக்களையே பயிற்சியிலும் சுடத் தொடங்கினார்கள். மெலிந்த அந்தத் தட்டையிடத்தில் விரிசல்கள் தோன்றின. நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சற்றுப் பெரிய சட்டகத்தில் 586, 686 ஆகியவற்றைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, மாடல் 19 ஒன்றை வாங்குபவர் உருளையைத் திறந்துவிட்டு, சிறு விளக்கோடு குழலின் பின்வாயை ஆறுமணித் திசையில் பார்த்தாக வேண்டும். பார்க்க ஒரு நிமிடம். பட்டியலில் அந்த இடத்தின் படம் இருப்பதில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பெட்டி ஒன்று.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்தவருக்கு விற்கும்போது துப்பாக்கி உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கைமாற வேண்டும். இணைய விற்பனையில் பலர் சில நாள் பரிசோதனைக் காலமும் தருகிறார்கள். ஒரு தோட்டா சுட்டாலும் அந்தச் சலுகை போய்விடும். எனவே சுடாமலே செய்யக்கூடிய மேற்சொன்ன சோதனைகள்தாம் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அவற்றை அறியாதவர் அந்த நாட்களைப் புகைப்படம் எடுப்பதில் கழிக்கிறார்.

வாங்கியபின் கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதிலும் இதே குருட்டுத்தனம் நிலவுகிறது. பாதிச் சிக்கல்கள் எண்ணெயும் தூரிகையும் கேட்பவை. உருளை இறுகிச் சுழல மறுத்தால் முதலில் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பார்க்க வேண்டும். எரியாத மருந்துத் துகள்கள் நாலைந்து அங்கே படிந்தாலே உருளை சட்டகத்தோடு உரசத் தொடங்கிவிடும். அது தூய்மையாக இருந்து, துப்பாக்கி 1961க்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனாகவும் இருந்தால், வெற்றுறைகளை வெளியே தள்ளும் கம்பி கழன்றிருக்கக்கூடும். அக்காலத்தில் அதன் மரை வலப்புறமாக வெட்டப்பட்டிருந்தது. உருளை சுழலும் திசையிலேயே அது தளர்ந்து நீண்டு, உருளையைத் திறக்கவே முடியாமல் செய்துவிடும். பிற்பாடு மரையை இடப்புறமாக மாற்றினார்கள். இதை அறியாமல் உருளையைக் கட்டையால் தட்டித் திறக்க முயன்று தாங்கியை வளைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தோட்டா வெடிக்காமல் போனால் தோட்டாவைத் திட்டுவது மரபு. கைப்பிடியின் முன்விளிம்பில், அடிப்பக்கத்தில், முதன்மை வில்லை அழுத்திப் பிடிக்கும் ஒரு திருகாணி இருக்கிறது. அதை முழுதும் இறுக்கிவிட்டு மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். விசை மென்மையாக வேண்டும் என்பதற்காக முந்தைய உரிமையாளர் அதைத் தளர்த்தியிருப்பார், அல்லது அதன் முனையை அரத்தால் தேய்த்திருப்பார். சந்தையின் ஒரு முனையில் எதையும் தொடாத பக்தர்கள் இருக்கிறார்கள் என்றால் மறுமுனையில் எல்லாவற்றையும் தேய்த்துப் பார்க்கும் இந்த அரக்காரர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே பொருளைத்தான் பாழாக்குகின்றன. முன்னவர்கள் நிதானமாகச் செய்கிறார்கள். ஈயம் தெறித்தாலோ சுத்தியல் தானாக விழுந்தாலோ மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது. தோட்டாக்களை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுத் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே வழி.

இதுவரை சொன்னது பணநஷ்டத்தைப் பற்றி எனலாம். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

ரூகர் நிறுவனம் 1953இல் சிங்கிள் சிக்ஸையும் 1955இல் பிளாக்ஹாக்கையும் வெளியிட்டது. 1873ஆம் ஆண்டுக் கோல்ட்டின் சாயலில் செய்யப்பட்ட அவை, அதன் ஒரு குறையையும் சேர்த்தே சுமந்தன. சுத்தியல் இறங்கிய நிலையில் ஊசி நேராகத் தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீழே விழுந்து சுத்தியலின்மேல் அடிபட்டால் வெடித்துவிடும். ஆகவேதான் பழைய குதிரைவீரர்கள் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டாவிட்டு, காலி அறையின்மேல் சுத்தியலை இறக்கி வைத்தார்கள். இந்த வழக்கத்தை அறியாதவர்கள் ஆறையும் நிரப்பினார்கள். விபத்துகள் நேர்ந்தன, வழக்குகள் வந்தன. 1973இல் ரூகர் உள்ளமைப்பை மாற்றியது. விசையை முழுதும் அழுத்தினால் மட்டுமே மேலெழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும் ஒரு சிறு தகட்டைப் பொருத்தியது. 1982இல் இன்னும் ஒருபடி மேலே போய், பழைய துப்பாக்கி எவரிடம் இருந்தாலும் அனுப்பலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், கழற்றிய அசல் உறுப்புகளையும் திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தது.

சந்தை இதற்கு ஆற்றிய எதிர்வினை என்ன? மாற்றப்படாத ‘மூன்று திருகாணி’ ரூகருக்கு விலை கூடிற்று. மாற்றப்பட்டது ‘கெடுக்கப்பட்டது’ ஆயிற்று. அசல் உறுப்புகளைத் திரும்பப் பெற்றவர்களில் சிலர் அவற்றை மறுபடியும் பொருத்தி, ‘அசல் நிலைக்கு மீட்டது’ என்று விற்கிறார்கள். ஒரு துப்பாக்கியிலிருந்து அதன் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்கு மீட்பு என்று பெயர்! மொழியின்மேல் அக்கறை உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவேனும் கோபப்பட வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் வரலாற்றிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் கூட்டணிப் படைகளுக்காகச் செய்யப்பட்ட ‘விக்டரி மாடல்’ ஒன்று 1944இல் கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். சுத்தியலைத் தடுக்கும் பழைய உறுப்பு நம்பத்தக்கதல்ல என்று தெரிந்ததும் நிறுவனம் விரைந்து புதியதொன்றை வடிவமைத்தது. அதன்பின் வந்தவற்றின் வரிசை எண்ணில் ‘வி’க்கு முன்னால் ‘எஸ்’ சேர்ந்தது. ஒரு மனிதனின் சாவு ஓரெழுத்தாக அந்த உலோகத்தில் பதிந்திருக்கிறது. பட்டியலில் அந்த எழுத்து உற்பத்திக் காலத்தைக் கணிக்கும் குறியாக மட்டுமே பேசப்படுகிறது. ‘எஸ்’ இல்லாததை வாங்குபவரிடம், ஐந்து தோட்டாவுக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று சொல்வதற்கு எத்தனை சொற்கள் செலவாகும்?

சேகரிப்பாளர்களின் பதில் எங்களுக்குத் தெரியும். அசல் உறுப்பு ஒரு வரலாற்று ஆவணம். முதற்பதிப்பு நூலின் ஓரத்தை வெட்டி மறுகட்டுமானம் செய்வதற்கு ஒப்பானது அதை மாற்றுவது என்பார்கள். இலக்கிய அன்பர்களிடம் இந்த ஒப்புமை எடுபடும் என்றும் நம்புவார்கள். எடுபடாது. உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடி அலைந்தது அவற்றின் பழுப்பு நிறத்துக்காக அல்ல, பாடத்துக்காக. பிரதிகளை ஒப்பிட்டு, எது பிழை என்று முடிவுசெய்து, பதிப்பில் திருத்தம் செய்தார். ஏடும் இருந்தது, திருத்திய பதிப்பும் இருந்தது. ரூகர் அசல் உறுப்புகளை உறையிலிட்டுத் திருப்பித் தருகிறது. ஆவணம் எங்கும் போய்விடவில்லை. ஆவணம் உறையில் இருக்கட்டும், துப்பாக்கி பாதுகாப்பாக இருக்கட்டும் என்றால் ஏன் விலை குறைகிறது? வரலாற்றுணர்வுதான் காரணம் என்றால் குறையக் கூடாதே.

இரண்டாவது பதில்: நாங்கள் இவற்றைச் சுடவே போவதில்லை, பெட்டகத்தில் வைக்கிறோம், டைமிங் எப்படி இருந்தால் என்ன? இது நேர்மையான பதில் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பெட்டகத்தின் உரிமையாளருக்கு வயதாகிறது. அவர் மறைந்தபின் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்கிறார்கள். சுடக்கூடாது என்று அவர் மனத்தில் வைத்திருந்த எச்சரிக்கை அவரோடு போய்விடுகிறது, துப்பாக்கி போவதில்லை. அதை 300 டாலருக்கோ 3,000 டாலருக்கோ வாங்குபவர் சுடவே வாங்குகிறார்.

அப்படிக் கைமாறும் பொருள்களில் மிக ஆபத்தானது வெப்லி மார்க் 6 என்பது எங்கள் கருத்து. பர்மிங்காமில் பிறந்தது, 1915இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உபரிச் சரக்காக அமெரிக்காவுக்கு ஏராளமாக வந்தது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகைய இறக்குமதியை இறுக்கும்வரை மலிவாகக் கிடைத்தது. அதற்குரிய .455 தோட்டா அங்கே அரிது; .45 ஏசிபி தோட்டாவோ எந்தக் கடையிலும் கிடைக்கும். வணிகர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். உருளையின் பின்பக்கத்தைக் கடைசலில் சீவிவிட்டால், மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் பிறைவடிவத் தகடுகள் இரண்டின் உதவியோடு .45 ஏசிபி கச்சிதமாக அமர்ந்துகொள்ளும். முதல் உலகப்போரில் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அதே தகடுகளோடு 1917 மாடல் ரிவால்வர்களைச் செய்திருந்தன. ஆனால் அவை அந்தத் தோட்டாவுக்கென்றே பிறந்தவை.

வெப்லி அப்படிப் பிறக்கவில்லை. .455இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 பவுண்டு. .45 ஏசிபியின் அனுமதிக்கப்பட்ட உச்சம் 21,000. கடைத் தோட்டா ஒவ்வொன்றும், வெப்லி தொழிற்சாலையிலிருந்து வெளிவருமுன் தாங்குகிறதா என்று சோதிக்கச் சுட்ட வலுமிக்க தோட்டாவின் அழுத்தத்தையும் மீறுகிறது. நூறு முறை சுட்டாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். அதனால்தான் இது கொடிய பொறி. ‘என் அப்பா இதில் ஏசிபிதான் சுட்டார்’ என்ற வாக்குமூலம் எல்லாக் கடைகளிலும் கேட்கிறது. நூற்றாண்டு கண்ட உருளையின் மெல்லிய வெளிச்சுவர் எந்த முறை பிளக்கும் என்பதை எந்த அப்பாவும் சொல்ல முடியாது. சீவியதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. துப்பாக்கியை மூடிவிட்டுப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உருளைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே தோட்டா விளிம்பின் தடிமனைக் காட்டிலும் மிகுதியான வெளி தெரியும். குறைந்த அழுத்தத்தில் தாமே நிரப்பிக்கொண்ட, விளிம்புள்ள தோட்டாக்களைக் கொண்டு சீவிய வெப்லியையும் நிதானமாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பது தெரியும்.

வெப்லி என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ நினைவுக்கு வரும். 1930இல் வந்த நாவலில் கொலைக்கருவி வெப்லி ஃபாஸ்பெரி என்னும் தானியங்கி ரிவால்வர். டாஷியல் ஹாமெட் அதை எட்டுத் தோட்டா கொள்ளும்.38 என்று சரியாக எழுதினார். 1941இல் ஜான் ஹூஸ்டனின் திரைப்படம் எட்டுத் தோட்டாவை வைத்துக்கொண்டு அளவை மட்டும் .45 ஆக்கிவிட்டது. எட்டுத் தோட்டா கொண்டது .38 வகைதான், பெரிய.455 வகைக்கு ஆறே அறைகள். (தற்செயலாக, சேஃப்டி கேட்ச் உண்மையாகவே பொருத்தப்பட்டிருந்த மிகச்சில ரிவால்வர்களில் ஃபாஸ்பெரி ஒன்று. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.) துப்பறியும் நிறுவனத்தில் வேலைபார்த்த ஹாமெட் எண்களில் கவனமாக இருந்தார். இன்றைய பட்டியல் ஆசிரியர்களுக்கு அந்த அளவு கவனம்கூட இல்லை என்பதுதான் எங்கள் மனக்குறை.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஆறு அறைகளிலும் டைமிங் சரியா, குழலுக்கும் உருளைக்கும் இடைவெளி எவ்வளவு, குழலின் பின்வாயில் விரிசல் உண்டா, உருளை சீவப்பட்டதா, சுத்தியலைத் தடுக்கும் உறுப்பு உண்டா, எந்தத் தோட்டாவை இடக்கூடாது. ஆறு வரிகள். இவற்றை எழுதாத பட்டியலில் எந்த விலை போட்டிருந்தாலும் வாங்குபவர்கள் திருப்பி எழுதிக் கேட்கட்டும்; பதில் வராவிட்டால் ஏலத்தில் கையை உயர்த்தாமல் இருக்கட்டும். பக்கத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால், மெழுகுத்தாளைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம்.